வால் வளர்க்கும் மீனும் வீட்டு மாப்பிள்ளையும்

கீழக்கரை
24.8.2025

அன்பு மகள் ஃபஸீலாவுக்கு, வாப்பா சீனி முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் மெசேஜ் கிடைத்தது. "இனி போன் வேண்டாம் வாப்பா. எழுதுங்க. சிரிக்காம எழுதுங்க." மூன்றே வாக்கியம். சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது உன் உம்மாவுக்கு எழுதியதுதான் நான் கடைசியாக எழுதிய கடிதம். அதற்குப் பிறகு பேனாவைக் காது குடைய மட்டும்தான் எடுத்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் கடிதத்தில் பிழை இருக்கும், திருத்திப் படித்துக்கொள்.

நடந்தது என்ன என்று என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ புனேக்குப் போன புதிதில் போனில் சொன்ன வார்த்தை "செல் சிக்னல்". கூட்டாளி ஹமீது சுல்தானின் போன் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ரீசார்ஜ் போட்டுவிடுகிறவனுக்கு செல் என்றால் வேறு என்ன தோன்றும்? மீன் என்றும் சொன்னாயே என்பாய். சொன்னாய். கடலுக்குப் போகிற ஆட்களுக்கு போனில் சிக்னல் கிடைக்கச் செய்கிற ஆராய்ச்சி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தனுஷ்கோடிப் பக்கம் போனாலே போன் நம்மை இலங்கைக்கு வரவேற்கிறதே, அதை நிறுத்தத்தான் அரசாங்கம் உன்னைப் படிக்கவைக்கிறது என்று மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொல்லிவந்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர்களும் என்னைப் போலத்தானே.

அப்படித்தான் பெரியபட்டினத்து சம்பந்தமும் வந்தது. தோஹாவில் டவர் கம்பெனியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. பொருத்தமென்றால் இதுதான் பொருத்தம் என்று வாயெல்லாம் பல்லாக உன்னை வீடியோ காலில் கூப்பிட்டு, போனை டிஷ்யூ டப்பாவில் சாய்த்து வைத்தேன். மாப்பிள்ளையின் மாமு உன்னிடம் கேட்ட முதல் கேள்வி:

"ஏம்மா, எங்க வீட்டு மாடியில சிக்னலே நிக்க மாட்டேங்குது. நீ ஒரு வார்த்தை சொன்னா டவரைத் திருப்பி வைப்பாகளா?"

"நான் மீன் வாலை வெட்டுறேன் மாமு" என்றாய்.

அவர் என்னைப் பார்த்தார். நான் டிஷ்யூ டப்பாவைப் பார்த்தேன். "நாங்களும் வெட்டுவோம், ஆனா கொழம்பு வச்சுருவோம்" என்று நான் சொன்னதுக்கு எல்லாரும் சிரித்தார்கள். நீ வீடியோ காலையே வெட்டிவிட்டாய். ஆக நீ வெட்டியது மூன்று: மீன் வால், போன், சம்பந்தம்.

பார், மறுபடி சிரிக்கிறேன். விடு. எழுதவந்த விஷயம் வேறு. உன் உம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, வருஷ ஃபாத்திஹா அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து போனவள், அதற்குப் பிறகு நீ இந்த வீட்டுப் படி ஏறவில்லை. இதற்காவது வா.

வாப்பா

*

புனே
1.9.2025

வாப்பாவுக்கு, ஸலாம்.

அந்த சம்பந்தம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாடியில் சிக்னல் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? வருத்தம் வேறு. நான் என்ன வேலை செய்கிறேன் என்று மூன்று வருஷத்தில் நீங்கள் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். "சாப்பிட்டியா" என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறீர்கள். சாப்பிட்டேன்.

இப்போது சொல்கிறேன். செல் என்றால் உயிரணு. உடம்பு முழுக்க அதுதான், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் மாதிரி. நான் வளர்ப்பது ஜீப்ரா மீன். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, மேலே நீலக் கோடு. அதன் வால் துடுப்பில் விசிறிக் கம்பி மாதிரி எலும்புகள் உண்டு. மீனை மருந்து கொடுத்து மயங்கவைத்து, வாலைப் பாதியில் வெட்டுகிறேன். இரண்டு வாரம் போனால் எலும்போடு, கோட்டோடு வால் பழையபடி வளர்ந்துவிடும்.

எப்படி என்பதுதான் என் வேலை. வெட்டின இடத்தைத் தோல் முதலில் மூடுகிறது. அதன் அடியில் இருக்கிற எலும்புச் செல்கள் தாங்கள் எலும்பு என்பதையே மறந்துவிடுகின்றன. இளசாகி, இடம்விட்டு நகர்ந்து வந்து, காயத்து வாயில் கூடிப் பெருகுகின்றன. பிறகு மறுபடியும் எலும்பாகின்றன. தானாக ஆவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பக்கத்துச் செல் ஒரு பொருளைக் கசியவிட்டுச் சேதி சொல்கிறது. 'பெருகு' என்று ஒன்று. 'போதும், இனி எலும்பாகு' என்று இன்னொன்று. இதுதான் செல் சிக்னல். இதற்கு டவர் கிடையாது. அக்கம்பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும்.

'பெருகு' என்கிற சேதியை மட்டும் மருந்து போட்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்று இப்போது பார்க்கிறேன். வால் வெட்டின இடத்திலேயே நிற்கிறது. மீன் பாட்டுக்கு நீந்துகிறது, தின்கிறது. வால் மட்டும் அப்படியே.

அக்டோபரில் இந்த மீன்களை விட்டு வர முடியாது. தினமும் படமெடுக்க வேண்டும். என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்கிற யோகேஸ்வரன் ஊருக்குப் போனபோதுகூட அவன் மீன்களை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஃபாத்திஹாவை நீங்களே ஓதவையுங்கள்.

ஃபஸீலா

*

கீழக்கரை
8.9.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவை ஹமீது சுல்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்குப் புரியாததைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி தைரியம் வந்தது. மூன்றாவது தடவை மார்க்கெட்டில் ஒரு விளைமீன் வாங்கிவந்து, அதன் வாலை விரித்து, போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். விசிறிக் கம்பி என்று எழுதியிருந்தாயே, அதே மாதிரி இருந்தது. நாற்பது வருஷமாக மீன் தின்கிறேன், வாலை முதலில் நறுக்கிப் பூனைக்குப் போட்டுவிடுவேன். பூனைக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது.

ஒரு சந்தேகம். எலும்பு தான் எலும்பென்பதை மறந்து மறுபடி இளசாகும் என்றாயே, அப்புறம் தான் யார் என்று அதற்குச் சரியாக ஞாபகம் வந்துவிடுமா? நான் தம்மாமிலிருந்து திரும்பி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இன்னமும் இந்த ஊரில் யாரென்று பிடிபடவில்லை. மீன் கெட்டிக்காரப் பிராணிதான்.

உன் உம்மாவின் இடுப்பு எலும்புக்கு இந்த வித்தை தெரிந்திருந்தால் இந்நேரம் நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருப்பாள், நான் இப்படிக் குழைந்துபோன சோற்றைத் தின்னவேண்டியிருக்காது.

உம்மாவின் அறையில் நான் ஒரு பொருளையும் அசைக்கவில்லை. கட்டில், தலையணை, மருந்து டப்பா, தஸ்பீஹ் மணி, எல்லாம் அப்படி அப்படியே இருக்கிறது. நீ வந்து பார்த்தால் உம்மா இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும். அதற்காகவாவது வா. ஒரே ஒரு நாள் மீனுக்கு லீவு கேள்.

வாப்பா

*

புனே
16.9.2025

வாப்பா,

என்னால் வர முடியாது. மீன் வேலை இருக்கிறது.

தயவுசெய்து அந்த அறையைப் பற்றி எழுதாதீர்கள்.

ஃபஸீலா

*

கீழக்கரை
22.9.2025

மகளே,

இந்தக் கடிதத்தில் சிரிக்கவில்லை. தேடிப் பார்த்தேன், சரக்கு தீர்ந்துவிட்டது.

யோகேஸ்வரன் ஊருக்குப் போனபோது அவன் மீனை நீ பார்த்துக்கொண்டாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் உன் மீனை அவன் பார்த்துக்கொள்ள மாட்டானா? நான் படிக்காதவன், ஆனால் வேலைக்கு ஆள் மாற்றிவிடுவது எப்படி என்று தெரிந்தவன். தம்மாமில் அதைச் செய்துதானே லீவில் வந்தேன். மீன் காரணமில்லை. நான்தான் காரணமென்றால் சொல்லிவிடு. வீடியோ காலில் சிரித்தது தப்பென்றால் தப்புதான். அதற்கு உன் உம்மாவின் ஃபாத்திஹா என்ன செய்தது?

இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. நானும் உன் வேலையை மூன்று வருஷம் கேட்காதவன், அதனால் கணக்கு சரி. கேட்காமலே சொல்கிறேன். இந்தத் தெருவில் கல்யாணம், மௌத்து எதற்கும் பெண்கள்தான் பெண்களிடம் வந்து அழைப்புச் சொல்வார்கள் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் பெண் இல்லை, அதனால் அழைப்பும் இல்லை. போன வாரம் எதிர்வீட்டில் நிக்காஹ். பந்தல் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். யாராவது "வாங்க" என்று சொல்வார்களா என்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்கு அவசரம், யாரும் பார்க்கவில்லை. வந்து சட்டையைக் கழற்றி மாட்டினேன். சண்டை போட்டுக்கொள்ளக்கூட வீட்டில் ஆள் இல்லை. உன்னோடுதான் போட முடியும், அதற்கும் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியிருக்கிறது.

வருவாயா, மாட்டாயா? ஏன் மாட்டாய்? இந்த இரண்டுக்கும் பதில் எழுது.

வாப்பா

*

புனே
28.9.2025

வாப்பா,

நீங்கள் காரணமில்லை. கட்டில்தான் காரணம்.

உம்மா இடுப்பு முறிந்து அந்தக் கட்டிலில் கிடந்த மாதங்களில் நான் தினமும் போன் செய்வேன். நீங்கள் ஹமீது சுல்தான் மாமு கடையில் இருப்பீர்கள், அல்லது அடுத்த அறையில் டிவி பார்ப்பீர்கள். வலியை மறக்க உம்மா ஏதாவது பேசச் சொல்வாங்க. எனக்குத் தெரிந்தது மீன்தான். இன்றைக்கு எந்த மீன், எவ்வளவு வளர்ந்தது, எந்த எலும்பு இரண்டாகக் கிளைத்தது, எல்லாம் சொல்வேன். உம்மா ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்திருந்தாங்க. ஒன்றுக்கு உங்கள் பெயர். சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வரும், மற்ற நேரம் மூலையில் நிற்கும்.

ஒரு நாள் கேட்டாங்க: "உன் மீனுக்கு வளருதேம்மா. எனக்கு எப்ப வளரும்?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. மனுஷ எலும்பு முறிந்தால் சேரப் பார்க்கும், ஆனால் மீன் மாதிரித் திரும்பிப் போய்ப் புதுசாக வளராது, நாங்கள் படிப்பது மனுஷருக்கு ஆக இன்னும் ரொம்ப வருஷம் போகணும் உம்மா என்றேன். உம்மா, "சரி விடு, மீனாவது நல்லா நீந்தட்டும்" என்றாங்க. அதற்கடுத்த நாளும் மீனைப் பற்றித்தான் கேட்டாங்க.

நாற்பதாம் நாளுக்கு வந்தபோது அந்த அறைக்குள் போனேன். கட்டிலின் தலைமாடு பாதி உயர்த்தியபடியே இருந்தது. உம்மா சாய்ந்து போன் பேசுகிற அளவுக்கு. தலையணையில் குழி. அதை அப்படியே விட்டுவைத்திருந்தீர்கள். இன்னும் அப்படியே இருக்கிறது என்று சந்தோஷமாக வேறு எழுதுகிறீர்கள். வாப்பா, அந்தக் கட்டில் அப்படி உயர்ந்து நிற்கிற வரைக்கும் எனக்கு அந்த வீட்டுக்கு வரக் கால் எழாது. மீன் வாலாவது மருந்து தீர்ந்தால் வளரும்.

நான் பார்க்க வேண்டுமென்றே வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

ஃபஸீலா

*

கீழக்கரை
3.10.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு கடைக்குப் போகவில்லை. உம்மாவின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். தலைமாடு உயர்ந்துதான் இருக்கிறது. தினம் பார்க்கிற எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

நான் ஏன் தொடவில்லை என்று கேள். சிரித்தாலும் சிரி. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். நிக்காஹ் முடிந்து ஒரு பெட்டியோடு உன் உம்மா வீட்டுக்கு வந்தவன் நான். உன் உம்மாவைப் பெற்ற நன்னா உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு ஆணி அடிக்கக்கூடக் கேட்டுக்கொண்டுதான் அடிப்பேன். பிறகு உம்மாவிடம் கேட்டேன். உம்மா மௌத்தானதும் வீடு உனக்கு. பத்திரத்திலும் உன் பெயர்தான். வீட்டுக்காரி ஊரில் இல்லாதபோது, அவள் உம்மா படுத்த கட்டிலை வீட்டு மாப்பிள்ளை எடுத்து வெளியே போடலாமா? நாளைக்கு நீ வந்து "என் உம்மா கட்டில் எங்கே" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? நீ வந்து ஒரு வார்த்தை சொல்வாய், அப்புறம் எடுக்கலாம் என்று காத்திருந்தேன். நீ அது போகட்டும், பிறகு வரலாம் என்று காத்திருந்திருக்கிறாய். நான் அசைக்காமல் வைத்திருப்பதை மரியாதை என்று நினைத்தேன் மகளே.

மீன் விஷயமெல்லாம் தினமும் உம்மாவிடம் சொன்னாய் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த அறையில்தான் இருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் பேசுகிற சத்தம் வரும். பெண்கள் பேச்சு என்று டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன்.

மூலையில் நிற்கிற மீனுக்கு என் பெயர் என்றது சரிதான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உன் பதில் தபாலில் வந்துசேர்வதற்குள் ஃபாத்திஹா வந்துவிடும். அதனால் போனில் ஒரே ஒரு வார்த்தை மெசேஜ் போடு. 'எடு' என்றால் எடுக்கிறேன், 'இருக்கட்டும்' என்றால் இருக்கட்டும். ஒரு வார்த்தை என்பது பேச்சில் சேர்த்தியில்லை. உன் சபதம் முறியாது.

வாப்பா

*

கீழக்கரை
14.10.2025

அன்பு மகளுக்கு,

"எடுங்க வாப்பா" என்று இரண்டு வார்த்தை போட்டிருந்தாய். ஒன்றுதான் கேட்டேன், ஒன்று உபரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஹமீது சுல்தானைக் கூட்டிவந்தேன். முதலில் தலைமாட்டை இறக்கவேண்டியிருந்தது. கைப்பிடி துருவில் இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுச் சுற்றினேன். அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சமமானதும் நான் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஹமீது சுல்தான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டிலை யாருக்குக் கொடுப்பது என்று விசாரித்ததில், நாலு வீடு தள்ளி இருக்கிற கனியின் உம்மா வழுக்கி விழுந்து தரையில் பாயில் கிடக்கிறார் என்று தெரிந்தது. தெருப்பக்கம் எதிர்வீட்டுப் பந்தலை நாலு வாரமாகியும் இன்னும் பிரிக்கவில்லை, கட்டில் போகாது. பின்வாசல் வழியாக முடுக்கில்தான் போகவேண்டும். பெண்கள் மட்டும் நடக்கிற சந்து. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் அதில் கால் வைத்ததில்லை. கட்டிலின் முன்பக்கம் நான், பின்பக்கம் ஹமீது சுல்தான், ஆம்பளை வருவது பெண்களுக்குத் தெரியட்டும் என்று வழி நெடுக இருமிக்கொண்டே போனோம். இருமின இருமலில் தெருவுக்கே எங்களுக்குக் காசநோய் என்று சந்தேகம் வந்திருக்கும்.

கனி பின்வாசலில் நின்றிருந்தாள். "என்ன மச்சான், இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுச்சா?"

"கட்டிலுக்குத் தெரிஞ்சுது. நான் அதைப் பிடிச்சுக்கிட்டு வாரேன்" என்றேன்.

கட்டிலைப் போட்டு, அவள் உம்மாவைத் தூக்கிப் படுக்கவைத்து, தலைமாட்டை உயர்த்திக் கொடுத்தோம். அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் கேட்டார். கிளம்பும்போது கனி கேட்டாள்:

"மச்சான், ஃபஸீலா மீனு வாலு வளந்துருச்சா? மலிகா லாத்தா போனதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியல."

உன் உம்மாவை அவள் அக்கா முறையில் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். நான் நின்றுவிட்டேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"இதென்ன கேள்வி? லாத்தா படுத்தபடியே என்கிட்டச் சொல்லும், நான் அடுத்த வீட்டுல சொல்லுவேன், அங்கன இருந்து அடுத்த வீட்டுக்குப் போவும். வாலு வெட்டுன மீனு, வெட்டாத மீனு, எல்லாம் எங்களுக்குப் பாடம். ஒங்க பேரு வச்ச மீனு எப்புடி இருக்கு?"

அதற்குள் இரண்டு மூன்று பின்வாசல் திறந்தது. ஒருத்தி, "டவரு மச்சான் வந்துருக்காக" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். மூன்று வருஷமாக நான் முன்வாசலில் டவர் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பின்வாசலில் ஒரு முடுக்கே உண்மை தெரிந்து சிரித்திருக்கிறது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எலும்பு இளசாகிறது, பக்கத்துச் செல் சேதி சொல்கிறது, மருந்து போட்டால் நிற்கிறது. நடுவில் ஒன்றிரண்டு தப்பு இருந்திருக்கும். கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் கனி, "எல்லாஞ் சரி மச்சான். எம்புட்டு நீளத்தோட நிக்கணும்னு வாலுக்கு யாரு சொல்றா? விட்டா வளந்துக்கிட்டே போவாதா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஃபாத்திஹா ஞாயிற்றுக்கிழமை நல்லபடி நடந்தது. நெய்ச்சோறு நான் ஆக்கவில்லை, பயப்படாதே. முடுக்கிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். தலையணை, மருந்து டப்பா, தஸ்பீஹ் மணி எல்லாவற்றையும் அலமாரிக்கு மாற்றிவிட்டேன், உம்மாவின் அறை இப்போது காலி. எல்லாரும் போன பிறகு அந்தக் காலி அறையில் பேசிப் பார்த்தேன். சத்தம் திரும்பி வருகிறது. பொருள் இருக்கும்போது அப்படி வராது போலிருக்கிறது.

கனியின் கேள்விக்கு பதில் எழுது. தினமும் பின்வாசலில் நின்று "தபால் வந்துச்சா" என்கிறாள். வரவில்லை என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகக் கடைக்குப் போகிறேன்.

வாப்பா

*

புனே
22.10.2025

வாப்பாவுக்கு, ஸலாம்.

கனி சாச்சி கேட்டதற்குப் பாதிப் பதில்தான் உலகத்தில் இருக்கிறது. வால் பழைய நீளத்தை நெருங்க நெருங்க 'பெருகு' என்கிற சேதி மெலிந்துகொண்டே போகிறது, வளர்ச்சியும் மெதுவாகி நின்றுவிடுகிறது. அடியோடு வெட்டினால் வேகமாக வளரும், நுனியில் வெட்டினால் மெதுவாக. எவ்வளவு போனது என்று வெட்டுப்பட்ட இடத்துக்கு எப்படியோ தெரிகிறது. எப்படி என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஒரு சேதியை நிறுத்தாமல் விட்ட மீன்களில் வால் அளவுக்கு மீறி நீளமாகப் போய்விடுகிறது, அதனால் சாச்சி பயந்தது நியாயம். இதை இப்படியே சொல்லுங்கள். தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மருந்துத் தண்ணீரை மாற்றியாயிற்று. நின்றிருந்த வால்கள் நகர ஆரம்பித்துவிட்டன. உங்கள் பெயர் வைத்த மீன் போன வருஷமே இறந்துவிட்டது வாப்பா. உம்மாவிடம் சொல்லவில்லை. அந்தத் தொட்டியில் மூலையில் நின்ற வேறொன்றைக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவந்தேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எழுதியது முழு உண்மையில்லை.

யோகேஸ்வரனிடம் பேசிவிட்டேன். நவம்பர் இருபத்திரண்டு சனிக்கிழமை காலை ராமநாதபுரம் ஸ்டேஷன். அழைத்துப்போக வரவேண்டாம், பஸ்ஸில் வந்துகொள்கிறேன். முன்வாசலைத் திறந்துவைத்துக் காத்திருக்காதீர்கள். முடுக்கு வழியாகத்தான் வருவேன். ஒவ்வொரு பின்வாசலிலும் பிடித்து நிறுத்துவார்கள், வீடு வந்துசேர எப்படியும் நேரமாகும். நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்.

ஃபஸீலா